அப்பாதான் பேசறேன்

ஃபோன் அடித்ததும் மின்விசிறியை நிறுத்தினார்கள். அது அந்த அறையின் வழக்கம். ஒருவன் எழுந்து ஜன்னலைச் சாத்தினான். இன்னொருவன் வராந்தாவில் தலையை நீட்டி, துணி துவைத்துக்கொண்டிருந்தவனிடம் தண்ணீரை நிறுத்தச் சொன்னான். பெருசு கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தொண்டையைச் செருமினான். ஷூவுக்குள் கிடந்த பழைய பட்டன் ஃபோனை அறைத்தோழன் கரண்ட் எடுத்து, திரையைப் பார்த்து, குரல் வராமல் உதட்டை அசைத்தான். அம்பு. கண்ணாடிக் கடை.

"இவனா? இவனுக்கு இதுவரைக்கும் வந்ததே இல்லையே," என்றான் பெருசு.

பெருசுக்கு மெக்கானிக்கல் கடைசி வருஷம். பள்ளிக்கூடத்திலேயே குரல் உடைந்து அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. வீட்டுக்குப் பேசினால் அம்மாவே சில நேரம் "யாருங்க பேசறது?" என்று கேட்பாள். முன்நெற்றியும் கொஞ்சம் ஏறியிருந்தது. முதல் வருஷம் விடுதியில் காலடி வைத்த அன்றே பெயர் விழுந்துவிட்டது. அந்தக் குரலுக்கு ஒரு பயன் இருப்பதைக் கண்டுபிடித்தவன் கரண்ட்தான். எலக்ட்ரிக்கல் படிப்பவன். பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு ஆசிரியருக்கும் சில மாணவர்களைப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். அந்த ஆசிரியர் அவர்களுக்கு மென்டர். பையன் வகுப்புக்கு வராவிட்டால் சாயங்காலம் மென்டர் அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். வருஷ ஆரம்பத்தில் மென்டர் முன்னால் நின்று அப்பாவின் நம்பரைச் சொல்லும்போது, அந்த மாடியில் இருந்த பாதிப் பேரும் கீழ்மாடியில் சிலரும் பெருசின் இரண்டாவது நம்பரைச் சொன்னார்கள்.

பிள்ளைகள் தங்கள் அப்பா என்ன வேலை பார்க்கிறார், எப்படிப் பேசுவார் என்று வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். அவரவர் மென்டரின் நம்பரைப் பையன் பெயரும் அப்பாவின் தொழிலும் போட்டுக் கரண்ட் ஃபோனில் ஏற்றி வைப்பான். பெருசு அதையெல்லாம் அவ்வளவாகக் கேட்டுக்கொள்வதில்லை. அவனிடம் தயாராகச் சில அப்பாக்கள் இருந்தார்கள். பேங்க் அப்பா, லாரி அப்பா, வாத்தியார் அப்பா. வாத்தியார் அப்பா மென்டரையே அதட்டுவார். பின்னணி ஓசை கரண்டின் பொறுப்பு. தட்டில் கரண்டியால் அடித்தால் பட்டறை. பக்கெட்டில் தண்ணீர் விட்டால் வயல். மாதத்தில் சில நாள் அந்த அறையில் நாடகம் பார்ப்பதுபோல் கூட்டம் கூடும்.

"அப்பாதான் பேசறேன். சொல்லுங்க," என்றான் பெருசு.

"சார், நான் உங்க பையனோட மென்டர். ட்ராயிங் எடுக்கறேன். இப்ப பேசலாமா?" இளம் குரல். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள்.

"கடைலதான் இருக்கேன். பேசுங்க மேடம்."

கரண்ட் கண்ணாடி டம்ளரை ஸ்பூனால் ஒரு தட்டுத் தட்டினான். கதவோரம் நின்ற இரண்டாம் வருஷப் பையன் சட்டைக் காலரை வாயில் கவ்விக்கொண்டான்.

"ஆப்சென்ட் எல்லாம் இல்ல சார். தினமும் வரான். வந்து உக்காந்துட்டே இருக்கான், அதான். ஹால்ல எல்லாரும் போன பிறகும் எழுந்திரிக்க மாட்டேங்கறான். ஷீட்டுல சுத்தி பார்டர் மட்டும் போட்டு வெச்சிருக்கான். அது ரொம்ப அழகா போட்டிருக்கான். உள்ள ஒரு கோடு இல்ல. எல்லா ஷீட்டும் அப்படியேதான் சார் இருக்கு."

"ம்."

"சரியா சாப்பிடறதும் இல்லன்னு நினைக்கறேன். கூப்பிட்டு வெச்சுக் கேட்டேன். ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம், இங்க இருக்க முடியல மேடம்னான். வீட்டுக்குப் போகணும், அப்பாகிட்ட சொல்ல வாய் வரல, நீங்க சொல்றீங்களான்னு கேட்டான். அதான் சார் கூப்பிட்டேன். ஒரு தடவை வந்து பாருங்களேன். கொஞ்ச நாள் வீட்டுல வெச்சிருங்க. லீவுக்கு நான் பேசிக்கறேன்."

இது வழக்கமான அழைப்பு இல்லை என்பது பெருசுக்குப் புரிந்தது. ஆனால் அறையில் எல்லோரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரண்ட் ஸ்பூனை உயர்த்திப் பிடித்திருந்தான். வாத்தியார் அப்பாவுக்கும் லாரி அப்பாவுக்கும் நடுவில் ஒரு குரல் தானாக வந்தது.

"எல்லாம் நடிப்பு மேடம்."

"சார்?"

"சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான். ஸ்கூலுக்குப் போகச் சொன்னா வயித்து வலிம்பான். நீங்க பாவம் பாத்தீங்கன்னா தலைல ஏறி உக்காந்துடுவான். கொஞ்சம் கண்டிச்சு வைங்க. நாலு பேருக்கு முன்னாடி நாலு வார்த்தை கேட்டாதான் புத்தி வரும்."

ஸ்பூன் டம்ளரில் விழுந்தது. கட்டிலுக்கு அடியில் யாரோ தலையணையைக் கடித்துக்கொண்டு குலுங்கினார்கள்.

"நீங்க ஒரு தடவை வந்து…"

"கடைய விட்டுட்டு வர முடியாதும்மா. உங்க பொறுப்புலதான விட்டிருக்கோம்."

மறுமுனையில் அந்த அம்மா உடனே ஃபோனை வைக்கவில்லை. மூச்சு விடும் ஓசை கேட்டது. தூரத்தில் நாற்காலி இழுபட்டது. "சரி சார்," என்றாள் பிறகு.

விசிறி மறுபடி சுற்றியது. கைதட்டினார்கள். கரண்ட் கட்டிலில் விழுந்து புரண்டான். "டேய் பெருசு, உனக்குப் பொறக்கப்போற புள்ளய நினைச்சாதான்டா பாவமா இருக்கு."

பெருசும் சிரித்தான். அந்த வாரம் அவனுக்கு இன்டர்வியூ இருந்தது. வேலைக்கு ஆள் எடுக்க ஒரு பெரிய கம்பெனி வருகிறது. கழுத்துப்பட்டை கட்டிப் பழக வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று அதைச் சுற்றி இழுத்துப் பார்த்தான். முடிச்சு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு மெஸ்ஸில் வரிசை நீண்டிருந்தது. அம்பு தட்டோடு வரிசையை விட்டு வெளியே வந்து பெருசின் பக்கத்தில் நின்றான். முதல் வருஷப் பையன். தோளில் எப்போதும் அந்தக் கறுப்புக் குழல் தொங்கும், உள்ளே வரைதாள்களைச் சுருட்டி வைத்திருப்பான். முதுகில் அம்பு சுமப்பவன் மாதிரி இருக்கிறான் என்று யாரோ சொல்லி, அதுவே பெயராகிவிட்டது. மற்ற முதல் வருஷத்துக்காரர்கள் குழலை அறையில் வைத்துவிட்டுச் சாப்பிட வருவார்கள். இவன் மட்டும் மாட்டிக்கொண்டே வருவான்.

"அண்ணா, மேடம் பேசினாங்களா?"

"பேசினாங்க, பேசினாங்க. சமாளிச்சுட்டேன்." பெருசு அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினான். உள்ளங்கைக்கு எலும்புதான் கிடைத்தது. "இனிமே உன்ன நோண்ட மாட்டாங்க."

பையன் நகரவில்லை. "வேற ஒண்ணும் சொல்லலையாண்ணா?"

"வேற என்னத்தச் சொல்வாங்க? ஷீட்ட ஒழுங்கா போட்டு முடி. போ, போய்ச் சாப்பிடு."

"சரிண்ணா."

அம்பு தட்டை அடுக்கில் திரும்ப வைத்தான். ஓசை வராமல், இரண்டு கையாலும் வைத்தான். பிறகு வாசல் பக்கம் போனான். பெருசு அதைப் பார்த்தான். அதற்குள் வரிசை நகர்ந்தது. பின்னால் நின்றவன் இடித்தான். "யோவ் பெருசு, பேரனக் கொஞ்சினது போதும், முன்னாடி நகரு." எல்லோரும் சிரித்தார்கள். அவன் முன்னால் நகர்ந்தான்.

இன்டர்வியூ நல்லபடியாக நடந்தது. அவன் பேசப் பேச எதிரில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். உங்கள் குரலில் ஒரு உறுதி இருக்கிறது என்றார் ஒருவர். தேர்வானவர்களின் பெயரைப் படித்தபோது அவனுடையது முதலில் இருந்தது. விடுதி வாசலில் நண்பர்கள் அவனைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார்கள். இரண்டாவது முறை மேலே போனபோது, வொர்க்‌ஷாப் பக்கமிருந்து இரண்டு பேர் ஓடி வருவதைப் பார்த்தான். கீழே வந்தபோது பிடிக்க வேண்டிய கைகளில் பாதி விலகியிருந்தது. முழங்கையில் சிராய்த்துக்கொண்டு எழுந்தான்.

முதல் வருஷப் பையன் ஒருவன் அரம் போட்டுக்கொண்டிருக்கும்போது அப்படியே சரிந்துவிட்டானாம். நெற்றி மேஜையில் பூட்டியிருந்த இரும்பு வைஸில் இடித்து ரத்தம். தூக்கும்போது கனமே இல்லையாம். எத்தனை நாளாகச் சாப்பிடவில்லையோ என்று ஹெல்த் சென்டர் டாக்டர் கத்தினாராம். "தோள்ல ஒரு டியூப் மாட்டிட்டுத் திரியுமே, அந்தப் பையன்."

அறைக்குப் போனபோது ஷூவுக்குள் ஃபோன் அதிர்ந்துகொண்டிருந்தது. அம்பு. கண்ணாடிக் கடை. நின்றது. மறுபடி அதிர்ந்தது. கரண்ட் கட்டிலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். விசிறியை நிறுத்த யாரும் எழுந்திருக்கவில்லை.

"எடுக்காதடா," என்றான் கரண்ட். "அவனோட சொந்த ஃபோன்ல அப்பா நம்பர் இருக்கும். ஹெல்த் சென்டர்லேர்ந்து கூப்பிட்டுப்பாங்க. நீ எடுத்தா மாட்டிப்ப. கமிட்டி கிமிட்டின்னு போனா உன் வேலையும் போச்சு."

பெருசு ஃபோனை எடுத்து அழுக்குத் துணி பக்கெட்டின் அடியில் திணித்தான். துணிக்குள்ளிருந்து அது பூச்சி மாதிரி முனகியது.

"நம்ம மேல என்ன தப்பு, சொல்லு?" கரண்ட் விடவில்லை. "நாமளா அவன நம்பர் குடுன்னு சொன்னோம்? அவனேதான குடுத்தான். மென்டர் கூப்பிட்டா உனக்குத்தான் வரும்னு அவனுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான குடுத்தான்?"

தெரியும். அவனுக்குத் தெரியும். பெருசு கழற்றிக்கொண்டிருந்த கழுத்துப்பட்டையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். அந்த நம்பர் யாருடையது என்று தெரிந்துதான் அவன் மேடத்திடம் சொல்லியிருக்கிறான். அப்பாகிட்ட சொல்லுங்க என்றால் அது எந்த அறைக்கு வரும், எந்தக் கட்டிலில் யார் உட்கார்ந்து கேட்பான் என்று தெரிந்துதான். பிறகு தட்டோடு வந்து பக்கத்தில் நின்றான். வேற ஒண்ணும் சொல்லலையாண்ணா. அவன் கேட்டது மேடத்தைப் பற்றி இல்லை. அண்ணனுக்குக் கேட்டதா என்றுதான்.

"என்னடா?" என்றான் கரண்ட்.

"ஒண்ணுமில்ல."

அன்று பெருசு மெஸ்ஸுக்குப் போகவில்லை. போகாமல் இருப்பது எளிதாக இருந்தது, யாரும் கேட்கவில்லை. அம்பு எத்தனை வேளை இப்படி விட்டிருப்பான் என்று யோசித்தபோது அதையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று தோன்றியது.

மறுநாள் காலை அம்புவின் அறைப்பக்கம் போனான். போவதற்குக் காரணம் எதுவும் யோசித்து வைத்திருக்கவில்லை. உள்ளே இருந்த பையன் பயந்து எழுந்து நின்றான். கடைசி வருஷத்துக்காரர்கள் அந்தப் பக்கம் வருவதில்லை. "அண்ணா, நீங்க ஹெல்த் சென்டர் பக்கம் போவீங்களா? இது வொர்க்‌ஷாப்லயே கிடந்துச்சு. அவன் கண்ணு முழிச்சா இதத்தான் தேடுவான்." கறுப்புக் குழலை நீட்டினான். பெருசு வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான். கனமில்லை. நடக்கும்போது உள்ளே தாள்கள் உரசும் ஓசை முதுகில் கேட்டது.

ஹெல்த் சென்டர் ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு நடைவழி, ஒரு பெஞ்ச், நான்கு கட்டில் போட்ட ஒரு நீளமான அறை. அறைக்கும் நடைக்கும் நடுவில் பெரிய கண்ணாடி ஜன்னல். அம்பு கடைசிக் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். நெற்றியைச் சுற்றிக் கட்டு. கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது. சின்னப் பையனின் முதுகு.

பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பாதங்களைச் சேர்த்து வைத்து, பையை மடியில் பிடித்திருந்தார். பெருசு இதுவரை உண்டாக்கிய எந்த அப்பாவையும் போல அவர் இல்லை. அவர்களைவிடக் குள்ளம். சட்டை கசங்கியிருந்தது, ராத்திரியெல்லாம் பயணம் செய்திருக்க வேண்டும். விரல்களில் மெல்லிய வெள்ளைத் தழும்புகள், நூல் ஒட்டியதுபோல். நர்ஸ் வெளியே வந்து ஏதோ கேட்டாள். அவர் பதில் சொன்னார். "என்ன? கொஞ்சம் சத்தமா சொல்லுங்க," என்றாள் நர்ஸ். அவர் மறுபடி சொன்னார். மறுபடியும் அதே அளவுதான் வந்தது. நர்ஸ் குனிந்து காதைக் கொடுத்தாள்.

பெருசு அடிமேல் அடி வைத்து நடையின் மறுகோடியில் போய் நின்றான். ஜன்னல் கண்ணாடியில் ஒரு மூலை விரிசல் விட்டு, பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். அவர் எழுந்து போய் அதைப் பார்த்தார். அதையும் தாண்டி உள்ளே பார்த்தார். பார்த்துக்கொண்டே கட்டைவிரலையும் நடுவிரலையும் விரித்துக் கண்ணாடியின் அகலத்தைச் சாண் போட்டார். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போட்டார். கை தன்பாட்டுக்கு அளந்துகொண்டிருந்தது.

மேடம் வேகமாகப் படியேறி வந்தாள். பெருசு அவளைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறான். அவனைவிட நான்கைந்து வயது கூட இருக்கலாம். கையில் சாக்கட்டித் தூள், கழுவாமல் வந்திருந்தாள்.

"நீங்க அவனோட அப்பாவா சார்?"

அவர் திரும்பித் தலையசைத்தார்.

"நான் அன்னிக்கே சொன்னேனே சார்." அவள் குரல் உடைந்தது. கோபமா அழுகையா என்று தெரியவில்லை. "வந்து கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னேனே. நடிப்புன்னு சொன்னீங்க. பெத்தவங்களுக்குத் தெரியாதான்னு நானும் நம்பிட்டேன். கண்டிச்சு வைங்கன்னீங்களேன்னு, ஹால்ல எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சு, நானும் வாய்க்கு வந்தத… நான் யாரையும் அப்படிப் பேசினதே இல்ல சார்."

ஹாலில் நடந்தது பெருசுக்குத் தெரியாது. நாலு பேருக்கு முன்னாடி நாலு வார்த்தை. அதைச் சொன்னபோது ஸ்பூன் டம்ளரில் விழுந்த ஓசை ஞாபகம் வந்தது. இப்போது சொல்ல வேண்டும். நான்தான் மேடம். அவ்வளவுதான், இரண்டு வார்த்தை. வாயைத் திறந்தால் அந்தக் குரல் வரும், அவளே கண்டுபிடித்துவிடுவாள், இரண்டு வார்த்தைகூடத் தேவைப்படாது. கமிட்டியின் நீள மேஜையும், கழுத்துப்பட்டையும், உறுதி இருக்கிறது என்று சொன்னவரின் முகமும் வந்து போயின. தோளில் இருந்த குழலின் வாரைப் பிடித்துக்கொண்டான்.

அவர் மேடத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். அம்பு தலையைத் திருப்பியிருந்தான். கட்டுக்குக் கீழே கண்கள் திறந்திருந்தன. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். கதவு ஒருக்களித்திருந்தது. மேடம் பேசியது கேட்டிருக்கும். அப்பா பார்த்ததும் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டான்.

அவர் அந்த முதுகையே பார்த்தார்.

"ஆமாம்மா," என்றார் பிறகு. "நான்தான் சொன்னேன்."

மேடம் நெற்றியைச் சுருக்கினாள். "ஃபோன்ல உங்க குரல் வேற மாதிரி… நேத்தும் எத்தனையோ தடவை அடிச்சேன், எடுக்கவே இல்ல."

"கடைல மெஷின் ஓடும். கத்தித்தான் பேசணும்." அவர் கண்ணாடியின் பிளாஸ்திரியை விரலால் நீவினார். "நேத்து ஃபோன் எடுக்க முடியல. தப்பா நினைக்காதீங்க. நீங்க சொன்னதுதான் சரி. நான்தான் சரியா காதுல வாங்கல."

அவள் அழுதாள். சாக்கட்டிக் கையால் துடைத்ததில் கன்னத்தில் வெள்ளையாகக் கோடு விழுந்தது. அவர் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். அவள் வாங்காமல், "கிளாஸ் இருக்கு சார், அப்புறம் வரேன்," என்று படியிறங்கினாள்.

நடையில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். பெருசு வெளியே போய்ப் படியில் நின்றான். அவரும் வந்தார். ஜெனரேட்டர் ஓடவில்லை. எதிரில் மைதானத்தில் யாரோ வாலிபால் வலையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இது அவனோடதா தம்பி?" குழலைக் காட்டிக் கேட்டார்.

பெருசு தலையசைத்தான். அங்கிள் என்று கூப்பிட வாய் வரவில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை.

"நீங்க அவன் ரூமா?"

"மேல் மாடி." முடிந்தவரை குரலை மெல்லியதாக்கிச் சொன்னான்.

"இங்க யாரோ நான் பேசற மாதிரி பேசியிருக்காங்க." அவர் புகார் சொல்வதுபோல் சொல்லவில்லை. வழி கேட்பதுபோல் சொன்னார். "அது யாருன்னு எனக்கு வேணாம். தெரிஞ்சு நான் என்ன பண்ணப்போறேன். ஆனா அந்த மேடம் அன்னிக்கு என்கிட்ட என்ன சொன்னாங்கன்னு எனக்குத் தெரியணும். பையன் வாயத் திறக்க மாட்டேங்கறான். மேடத்துகிட்ட இனிமே நான் கேக்க முடியாது. எனக்குத் தெரியும்னு சொல்லிட்டேன். உங்களுக்கு யாருன்னு தெரிஞ்சா, கேட்டு வந்து சொல்லுங்க தம்பி."

தப்பிக்க அவ்வளவு பெரிய கதவை அவர் திறந்து வைத்தார். பெருசு அதற்குள் நுழைந்தான்.

"கேட்டுட்டு வரேன்," என்றான்.

மைதானத்தின் குறுக்கே நடந்தான். வலை கட்டிக்கொண்டிருந்தவர்கள், "பெருசு, ட்ரீட் எப்ப?" என்று கத்தினார்கள். கையை மட்டும் தூக்கினான். ட்ராயிங் ஹாலின் பின்பக்கச் சுவரோரம் போய் நின்றான். உள்ளே வகுப்பு நடந்தது. உயரமான மேஜைகளில் பிள்ளைகள் குனிந்து கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். இப்படியே விடுதிக்குப் போய்விடலாம். அந்த ஆள் கிடைக்கவில்லை என்று யாரிடமாவது சொல்லி அனுப்பலாம். அவர் எத்தனை நேரம் படியில் நிற்பார்? நிற்பார் என்றுதான் தோன்றியது. குழலும் தோளிலேயே இருந்தது. ஒருவரைக் கேட்டு வர ஆகும் நேரம் முடிந்தபிறகும் கொஞ்சம் நின்றுவிட்டுத் திரும்பி நடந்தான்.

அவர் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார்.

"கேட்டேன்," என்றான். "அந்தப் பையன்கிட்ட. சொன்னான்."

"சொல்லுங்க."

"தினமும் கிளாசுக்கு வரானாம். எல்லாரும் போன பிறகும் உக்காந்திருக்கானாம். ஷீட்டுல சுத்தி பார்டர் மட்டும் போடறானாம். அழகா போடறானாம். உள்ள ஒண்ணும் போடறதில்லையாம்." ஒவ்வொரு வார்த்தையும் வந்தது. அவன் மறக்கவே இல்லை. "சாப்பிடறதில்லன்னாங்களாம். கூப்பிட்டுக் கேட்டதுக்கு, இங்க இருக்க முடியலன்னு சொன்னானாம். வீட்டுக்குப் போகணும், அப்பாகிட்ட சொல்ல வாய் வரல, நீங்க சொல்றீங்களான்னு."

அவர் தலையைக் குனிந்து, கடைக்கு வந்தவர் அளவு சொல்வதைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசி வரிக்கு மட்டும் அவர் விரல்கள் பையின் காதை இறுக்கிப் பிடித்தன.

"இருக்க முடியலன்னா சொன்னான்?"

"ம்."

"படிக்க முடியலன்னு இல்ல?"

"இல்ல. இருக்க முடியல."

அவர் மைதானத்தைப் பார்த்தார். பந்து வலையில் பட்டு விழுந்தது.

"அதுக்கு நான் என்ன சொன்னேன்?"

பெருசு இதை எதிர்பார்க்கவில்லை. அந்தப் பையனுக்கு ஞாபகம் இல்லையாம் என்று சொல்லலாம். வாயைத் திறந்தான். எவ்வளவு அடக்கியும் குரல் அடியிலிருந்து அப்படியே ஏறி வந்தது.

"எல்லாம் நடிப்பு மேடம்னு. சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான், ஸ்கூலுக்குப் போகச் சொன்னா வயித்து வலிம்பான்னு. பாவம் பாக்காதீங்க, நாலு பேருக்கு முன்னாடி நாலு வார்த்தை கேட்டாதான் புத்தி வரும்னு. கடைய விட்டுட்டு வர முடியாதுன்னு." மூச்சு வாங்கினான். "அவனுக்குத் தெரியும். அது என் நம்பர்தான்னு அவனுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொல்லியிருக்கான். மெஸ்ல வந்து என்கிட்ட கேட்டான். சமாளிச்சுட்டேன்னு சொன்னேன்."

அவர் அப்போதுதான் அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். ஏறிய நெற்றி, மீசை, சிராய்த்த முழங்கை, தோளில் மகனின் குழல். ரொம்ப நேரம் பார்த்தார்.

"உங்களுக்கு என்ன வயசாகுது தம்பி?"

சொன்னான்.

"ம்," என்றார்.

அவன் அடிக்காகக் காத்திருந்தான். ஒரு வார்த்தையாவது வரும் என்று காத்திருந்தான். அவர் செருப்பைப் படியோரம் கழற்றி, இரண்டையும் சேர்த்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் குழலைக் கொடுக்கவில்லை என்று தெரிந்தது. பெருசு நடை வரை போனான். கதவைச் சாத்தியிருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். சுவரைப் பார்த்திருந்த முதுகிடம் பேசிக்கொண்டிருந்தார். உதடுகள் மெல்ல அசைந்தன, நின்றன, மறுபடி அசைந்தன. ஓசை எதுவும் வெளியே வரவில்லை. பெருசு பிளாஸ்திரி ஒட்டிய மூலைக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனான். தன் மூச்சுதான் கண்ணாடியில் பட்டுத் திரும்பி வந்தது. அங்கே வெள்ளையாகப் புகை படிந்தது. அதைத் துடைத்தபோது அவர் பேசுவதை நிறுத்தியிருந்தார். கை போர்வையின் மேல், பையனின் தோளிலிருந்து முழங்கை வரை, சாண் போட்டதுபோல் விரிந்து கிடந்தது. அதற்குக் கீழே போர்வை அசைந்ததா இல்லையா என்று பார்க்க அவன் இன்னும் கிட்டே போனான். கண்ணாடி மறுபடி மங்கியது.